மருந்துக்கு அடங்காத நுரையீரல் பூஞ்சை: ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நாம் சுவாசிக்கும் காற்றில் பூஞ்சை வித்துகள் எப்போதும் இருக்கின்றன. அவற்றில் நுரையீரலுக்கு அதிகம் தொல்லை தருவது அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ். மட்கும் இலை, வைக்கோல், எருக்குழி, பூந்தொட்டி மண் என்று செடிப்பொருள் எங்கே அழுகினாலும் அங்கே இது வளரும். இதன் வித்து இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான். அதனால் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். தினமும் நூற்றுக்கணக்கான வித்துகளை நாம் உள்ளே இழுக்கிறோம். உடம்பு நன்றாக இருப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. நுரையீரலில் இருக்கும் காவல் செல்கள் வித்துகளை விழுங்கிவிடுகின்றன.

சிலருக்கு மட்டும் அது நோயாகிறது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்குப் பூஞ்சை நுரையீரல் திசுவையே துளைத்துக்கொண்டு போகும். சில வாரங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது. காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரலில் குழிகள் மிச்சமிருக்கும். அந்தக் குழிகளில் பூஞ்சை குடியேறி, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் மெல்ல மெல்ல அரிக்கும். இருமலில் ரத்தம் வரும், எடை குறையும், சோர்வாக இருக்கும். டிபி திரும்ப வந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் டிபி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது இந்தப் பூஞ்சை நோய்தான். ஆஸ்துமாக்காரர்களுக்கு இதே பூஞ்சை ஒவ்வாமையாக வருவதும் உண்டு.

இந்த நோய்களுக்கு நம்மிடம் இருக்கும் மருந்துகள் கொஞ்சம்தான். பாக்டீரியாவுக்கு எத்தனையோ வகை ஆன்டிபயாடிக் இருக்கிறது. அஸ்பெர்ஜில்லஸுக்கு வாய்வழி கொடுக்கக்கூடிய மருந்து வகை ஒன்றே ஒன்றுதான், அசோல் குடும்பம். இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல், ஐசவுகோனசோல் எல்லாம் அதில் சேர்ந்தவை. 2002-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், திசுவைத் துளைக்கும் வகை நோய்க்கு வோரிகோனசோல் பெற்றவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் 12 வாரம் கழித்து உயிரோடு இருந்தார்கள். பழைய ஆம்ஃபோடெரிசின் பி பெற்றவர்களில் அது 58 சதவீதம். அன்றிலிருந்து வோரிகோனசோல்தான் முதல் மருந்து. அந்த முதல் மருந்துக்கே பூஞ்சை அடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே மூன்று பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2011 முதல் 2015 வரையிலான நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வோரிகோனசோலுக்கு அடங்கும் பூஞ்சை இருந்தவர்களில் 28 சதவீதம் பேர் 42 நாளுக்குள் இறந்திருந்தார்கள். அடங்காத பூஞ்சை இருந்தவர்களில் 49 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் மனிதர்களுக்காகத்தான் பூஞ்சை மருந்துக்கு அடங்குமா என்று பார்க்கும் எதிர்ப்புச் சோதனையைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

"மருந்து கேட்கவில்லை" என்பதற்குப் பின்னால்

இரண்டு வாரமாக மருந்து போகிறது, காய்ச்சல் குறையவில்லை, ஸ்கேனில் புள்ளி பெரிதாகியிருக்கிறது. உடனே "ரெசிஸ்டன்ஸ்" (மருந்து எதிர்ப்பு) என்ற வார்த்தை வந்துவிடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மருந்து கேட்காததற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

முதலில், பூஞ்சையே வேறாக இருக்கலாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கறுப்புப் பூஞ்சை பலருக்கு நினைவிருக்கும். அது மியூகர் வகை. பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் தாக்கியது, நுரையீரலிலும் வந்தது. அந்த வகைப் பூஞ்சையிடம் வோரிகோனசோல் பிறவியிலேயே செல்லாது. அதேபோல அஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்று ஓர் இனம் உண்டு. அது ஆம்ஃபோடெரிசினுக்கு அடங்காது. லோமென்டோஸ்போரா ப்ரோலிஃபிகன்ஸ் என்று இன்னொன்று, கையில் இருக்கும் மருந்துகளில் ஏறக்குறைய எதற்கும் மசியாது. இவை இயற்கையாகவே அப்படிப்பட்டவை. ஒரு காலத்தில் அடங்கிக்கொண்டிருந்து பிறகு மாறியவை கிடையாது.

இரண்டாவதாக, மருந்து போதுமான அளவு ரத்தத்தில் சேராமல் இருக்கலாம். நம் நாட்டில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் எண்ணம். இட்ராகோனசோல் கேப்சூல் சாப்பாட்டோடு எடுத்தால்தான் சரியாக உறிஞ்சப்படும், வயிற்றில் அமிலமும் வேண்டும். கூடவே அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டால் உறிஞ்சுவது குறைந்துவிடும். வோரிகோனசோலை நம் கல்லீரல் உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். ஒரே அளவு மருந்து ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு நஞ்சாகும் அளவுக்கும் சேரலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது ரிஃபாம்பிசின். டிபி சிகிச்சையின் முதுகெலும்பான இந்த மருந்து கல்லீரலை முடுக்கிவிட்டு, வோரிகோனசோலையும் இட்ராகோனசோலையும் ரத்தத்திலிருந்து கிட்டத்தட்டத் துடைத்தே விடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விதிதான். ஆனால் டிபி மருந்து ஓர் இடத்திலும் பூஞ்சை மருந்து இன்னோர் இடத்திலும் வாங்கும் நோயாளி, இரண்டு இடத்திலும் முழு மருந்துப் பட்டியலைக் காட்டுவது அவசியம். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. வோரிகோனசோல் என்றால், அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் லிட்டருக்கு 1 முதல் 5.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு.

சரி, பூஞ்சை இன்னது என்று உறுதியாகிவிட்டது, ரத்தத்தில் மருந்தும் போதிய அளவு இருக்கிறது, இருந்தும் பூஞ்சை வளர்கிறது என்றால் உண்மையான எதிர்ப்பைத் தேட வேண்டும்.

பூஞ்சை எப்படித் தப்பிக்கிறது?

நம் செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோல் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டீரால் இருக்கிறது. அதைத் தயாரிக்கும் வரிசையில் ஒரு நொதியை உருவாக்குவது சிப்51ஏ என்ற மரபணு. அசோல் மருந்து அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். எர்கோஸ்டீரால் இல்லாமல் சவ்வு பழுதாகும், வளர்ச்சி நிற்கும். பூஞ்சை தப்பிக்க இரண்டு வழி உண்டு. மருந்து ஒட்டும் இடத்தின் வடிவத்தை மாற்றலாம், அல்லது மருந்தால் முடக்கி முடியாத அளவுக்கு நொதியை ஏராளமாகச் செய்யலாம்.

இரண்டையும் ஒன்றாகச் செய்யும் மாற்றம்தான் உலகெங்கும் பேசப்படுகிறது. பெயர் டிஆர்34/எல்98எச். மரபணுவுக்கு முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் 34 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இரட்டிப்பாகியிருக்கும். அதனால் நொதி அதிகமாக உற்பத்தியாகும். கூடவே நொதியின் 98-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். இதற்கு அடுத்து வந்தது டிஆர்46/ஒய்121எஃப்/டி289ஏ. அதில் 46 எழுத்துகள் இரட்டிப்பு, நொதியில் இரண்டு மாற்றங்கள்.

எதிர்ப்பு எங்கே உருவாகிறது என்பது இதைவிட முக்கியமான கேள்வி. ஒரு பாதை நோயாளியின் உடம்புக்குள்ளேயே போகிறது. காசநோய்க் குழியில் குடியிருக்கும் பூஞ்சைக்குக் காற்றும் இடமும் இருப்பதால் அது அங்கேயே வித்து விடும், கோடிக்கணக்கில் பெருகும். வருடக்கணக்காக இட்ராகோனசோல் போகும்போது, தற்செயலாக மாறிய ஒன்று பிழைத்து மேலோங்கும். இப்படி வருபவற்றில் இரட்டிப்புத் துண்டு இருப்பதில்லை. நொதியின் 54, 220, 448 போன்ற இடங்களில் ஒற்றை மாற்றங்கள் இருக்கும். திசுவைத் துளைக்கும் வேகமான நோயில் பூஞ்சை இழைகளாகத்தான் வளர்கிறது, வித்து விடுவது அபூர்வம். அதனால் அங்கே சிகிச்சைக்கு நடுவே எதிர்ப்பு உருவாகும் வாய்ப்பு குறைவு.

இன்னொரு பாதை வயல்வெளியிலிருந்து வருகிறது.

நெதர்லாந்தில் 1998-ஆம் ஆண்டு மாதிரிகளிலேயே டிஆர்34 வகை இருந்தது பிறகு தெரியவந்தது. நைமேகன் நகரைச் சேர்ந்த பால் வெர்வாயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007-இல் அதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களை உறுத்தியது ஒரு விஷயம். எதிர்ப்புள்ள பூஞ்சை வந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் அசோல் மருந்தே எடுத்ததில்லை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு மருத்துவமனை, ஒருவருக்கொருவர் தொடர்பும் இல்லை. ஆனால் எல்லோரிடமும் அதே மாற்றம். அப்படியென்றால் பூஞ்சை உள்ளே வரும்போதே எதிர்ப்போடு வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் மண்ணிலும் மட்கும் செடிக் கழிவிலும் அதே வகை கிடைத்தது.

காரணம் பயிருக்கு அடிக்கும் பூஞ்சாணக்கொல்லி. ப்ரோபிகோனசோல், டெபுகோனசோல், டைஃபெனோகோனசோல் என்ற பெயர்களின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள், வோரிகோனசோலின் உறவு தெரியும். பயிர் நோய்ப் பூஞ்சையை ஒழிக்க அடிக்கும் மருந்து அது. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் பயிரைத் தாக்குவதில்லை, அருகே மட்கும் குப்பையில் இருக்கிறது. ஆனால் மருந்து அதன் மேலும் படுகிறது. மூலக்கூறின் வடிவம் ஒன்றுபோல் இருப்பதால், வயல் மருந்தைத் தாங்கப் பழகியது மருத்துவமனை மருந்தையும் தாங்கும். நெதர்லாந்தில் துலிப் போன்ற பூச்செடிகளின் கிழங்குகளை நடுவதற்கு முன் இந்த மருந்தில் முக்கி எடுப்பார்கள். மருந்து எச்சம் ஒட்டிய கிழங்குக் கழிவு குவியலாக மட்கும்போது சூடேறும். மற்றப் பூஞ்சைகள் ஒதுங்கிவிடும் 50 டிகிரி வெப்பத்திலும் ஃப்யூமிகேட்டஸ் வளரும். மருந்து எச்சம், வெப்பம், எண்ணற்ற வித்துகள் மூன்றும் ஒரே குவியலில். எதிர்ப்புள்ள வகை தேறி வருவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பிறகு காற்று கொண்டுபோகும். கிழங்கு ஏற்றுமதியும் கொண்டுபோகும். அயர்லாந்தில் கடையில் வாங்கிய, நெதர்லாந்திலிருந்து வந்த கிழங்குகளில் எதிர்ப்புள்ள பூஞ்சையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இதற்குச் சான்று இருக்கிறது. டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுச்சூழலிலிருந்து எடுத்த ஃப்யூமிகேட்டஸ் பூஞ்சைகளில் 44, அதாவது 7 சதவீதம், மருத்துவ அசோல்களுக்கு அடங்காதவை. தேயிலைத் தோட்ட மண் மாதிரிகளில் அந்த விகிதம் 33 சதவீதம். மருத்துவமனைத் தோட்டத்துப் பூந்தொட்டி மண்ணில் 20 சதவீதம், நெல்வயலில் 12.3 சதவீதம். மருத்துவமனை வார்டுகளின் காற்றிலேயே 7.6 சதவீதம் இருந்தது. எல்லாவற்றிலும் டிஆர்34/எல்98எச். அதைவிட வியப்பு, அவை அத்தனையும் ஒரே மரபணு முத்திரை கொண்டவை, எதிர்ப்பு வந்த இந்திய நோயாளிகளிடம் இருந்தவையும் அதே முத்திரை. எதிர்ப்பில்லாத இந்தியப் பூஞ்சைகளோ ஒன்றுக்கொன்று நிறைய வேறுபட்டிருந்தன. ஒரே வம்சம் நாடு முழுவதும் பரவியிருக்கிறது என்றுதான் இதைப் படிக்க முடியும். நெல்லில் நெற்பழ நோய்க்கு ப்ரோபிகோனசோல் அடிப்பது நம் விவசாயிகளுக்குப் பழக்கமானது. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பரிந்துரைத்ததை அடிக்கிறார்கள், விளைச்சலைக் காப்பாற்ற வேறு வழி கொஞ்சம். ஆனால் வேளாண் துறையும் மருத்துவத் துறையும் இதில் சேர்ந்து யோசித்தே ஆக வேண்டும்.

நோயாளி முன்பு என்ன மருந்து எடுத்தார் என்று கேட்டு எதிர்ப்பைக் கணிக்க முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரியிலிருந்து முடிவு வரை

சோதிக்கப் பூஞ்சை கையில் கிடைக்க வேண்டும். சளி, அல்லது குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த திரவம், அல்லது ஊசியால் எடுத்த திசு என மூன்றில் ஒன்று வேண்டும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சரில் அஸ்பெர்ஜில்லஸ் அநேகமாக வராது. சளி என்றால் எச்சில் கூடாது, ஆழத்திலிருந்து இருமி எடுத்த கெட்டியான சளி வேண்டும். வழக்கமாகச் சளியில் ஒரு சிறு துளியைத்தான் பிளேட்டில் தேய்ப்பார்கள். பாக்டீரியாவுக்கு அது போதும், பூஞ்சைக்குப் போதாது. சளியைக் கரைத்துச் செறிவாக்கி முழுவதையும் போட்டால் பூஞ்சை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் ஆய்வகத்துக்கு அனுப்பும் தாளில் "பூஞ்சைக் கல்ச்சர்" என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

மாதிரி வந்ததும் ஒரு பகுதியை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பூஞ்சைச் சுவரை ஒளிரச் செய்யும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வரக்கூடிய சோதனை இது, செலவும் குறைவு. மெல்லிய இழை, நடுவே தடுப்புச் சுவர்கள், கூர்ங்கோணத்தில் கிளை என்றால் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற ஒன்று. அகலமான ரிப்பன் போன்ற இழை, தடுப்புச் சுவர் அரிது, செங்கோணத்தில் கிளை என்றால் மியூகர். வோரிகோனசோலா ஆம்ஃபோடெரிசினா என்ற முதல் முடிவை இந்த ஒரு பார்வையே மாற்றிவிடும்.

கல்ச்சரில் இரண்டு முதல் ஐந்து நாளில் புகை படிந்த நீலப்பச்சை நிறத்தில் காலனி, அதாவது பூஞ்சைத் திட்டு, எழும். பார்த்த மாத்திரத்தில் "ஃப்யூமிகேட்டஸ்" என்று எழுதிவிடக் கூடாது. அதைப்போலவே தோன்றும் மறை இனங்கள் இருக்கின்றன. அஸ்பெர்ஜில்லஸ் லென்டுலஸ் அவற்றில் ஒன்று. இவை அசோலுக்கு இயல்பிலேயே எளிதில் அடங்காதவை. இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. 50 டிகிரியில் வைத்துப் பார்த்தால் ஃப்யூமிகேட்டஸ் வளரும், லென்டுலஸ் வளராது. வசதி இருக்கும் இடங்களில் புரதங்களை வைத்து இனத்தை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவியாலோ மரபணு வரிசையைப் படித்தோ உறுதி செய்வார்கள்.

அடுத்ததுதான் எதிர்ப்புச் சோதனை. உலகத் தரம் என்று சொல்லப்படுவது, திரவ ஊட்டத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்க்கும் முறை. ஐரோப்பாவின் யூகாஸ்ட், அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ இரண்டு அமைப்புகளும் தங்களுக்கென விதிமுறை வைத்திருக்கின்றன. 96 குழி கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. முதல் குழியில் லிட்டருக்கு 16 மில்லிகிராம் மருந்து, அடுத்ததில் 8, அதற்கடுத்து 4, இப்படிப் பாதி பாதியாக 0.016 வரை. கடைசியில் மருந்தே இல்லாத ஒரு குழி. அதில் வளர்ந்தால்தான் பூஞ்சை உயிரோடு இருக்கிறது என்று பொருள், மற்றக் குழிகளின் முடிவையும் நம்பலாம். எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கையில் வித்துகளை விட்டு, உடல் வெப்பத்துக்கு அருகில் 48 மணி நேரம் வைப்பார்கள். வளர்ச்சியே கண்ணுக்குத் தெரியாத முதல் குழியில் இருக்கும் மருந்தளவுதான் எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு.

வித்துகளின் எண்ணிக்கை இங்கே மிகவும் முக்கியம். அதிகமாகப் போட்டால் அடங்கும் பூஞ்சையும் அடங்காததாகத் தெரியும், குறைவாகப் போட்டால் தலைகீழாகும். இழைத் துணுக்குகள் கலந்திருந்தாலும் குழப்பம்தான், அதனால் வடிகட்டி எடுப்பார்கள். காஸ்போஃபங்கின் போன்ற எக்கினோகேண்டின் வகை மருந்துகளுக்குக் கணக்கே வேறு. அவை பூஞ்சையை முழுவதும் நிறுத்துவதில்லை, இழைகளைக் குட்டையாக, தடிப்பாக ஆக்கிவிடும். அந்த உருமாற்றம் தொடங்கும் குழியைப் பார்த்துக் குறிப்பார்கள்.

எல்லா ஆய்வகத்திலும் இந்த அளவு வேலை செய்ய முடியாது. அவர்களுக்காக ஒரு சல்லடைச் சோதனை உண்டு. அகார் என்ற கெட்டி ஊட்டம் நிரப்பிய நான்கு குழித் தட்டு, ஒன்றில் இட்ராகோனசோல், ஒன்றில் வோரிகோனசோல், ஒன்றில் போசகோனசோல், நான்காவதில் மருந்து கிடையாது. மருந்துள்ள குழிகளில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் எதிர்ப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எதிலாவது முளைத்தால் அந்தக் காலனியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி எம்ஐசி பார்க்க வேண்டும். சாதாரண மைக்ரோபயாலஜி ஆய்வகம் எதுவும் செய்யக்கூடிய வேலை இது. மாவட்ட அளவிலாவது இது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எந்த முறையாக இருந்தாலும் ஒரு காலனியை மட்டும் எடுத்துச் சோதிப்பது ஆபத்து. ஒரே நோயாளியின் நுரையீரலில் அடங்கும் பூஞ்சையும் அடங்காத பூஞ்சையும் அடுத்தடுத்து இருக்கலாம், காற்றிலிருந்து பலவகை வித்துகள் உள்ளே போகின்றன அல்லவா. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கல்ச்சர் பிளேட்டுக்குப் பொருந்தாது. அதனால்தான் ஐந்து காலனி வரை எடுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

சரி, கல்ச்சரே வளரவில்லை என்றால்? இது அடிக்கடி நடக்கும். திசுவைத் துளைக்கும் நோயில் கல்ச்சர் பல நேரம் வெறுமையாகத்தான் வரும். அப்போது காலக்டோமன்னன் என்ற பூஞ்சைச் சுவர்ப் பொருளை ரத்தத்திலோ கழுவிய திரவத்திலோ தேடி நோயைக் கண்டுபிடிப்பார்கள். அது பூஞ்சை இருப்பதைச் சொல்லும், அடங்குமா அடங்காதா என்று சொல்லாது. இங்கே கைகொடுப்பது மரபணுத் துண்டைப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனை. கழுவிய திரவத்திலிருந்து நேரடியாக டிஆர்34, டிஆர்46 மாற்றங்களைத் தேடும் தயார்நிலைக் கிட்கள் இருக்கின்றன. சில மணி நேரத்தில் முடிவு தெரியும். கல்ச்சரும் எம்ஐசியும் சேர்ந்தால் ஒரு வாரம் ஆகும் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும்.

பிசிஆருக்கும் எல்லை உண்டு. பூஞ்சை இருக்கிறதா என்று தேடும்போது, செல்லில் பல நகல்கள் உள்ள மரபணுவைக் குறிவைக்கலாம். சிப்51ஏ ஒரே நகல்தான். அதனால் "அஸ்பெர்ஜில்லஸ் உண்டு, எதிர்ப்பு மாற்றம் பற்றி முடிவு சொல்ல முடியவில்லை" என்று வருவது சகஜம். தெரிந்த சில மாற்றங்களை மட்டும்தான் அது தேடும் என்பதும் ஒரு குறை. மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் பெருகியதாலோ எச்எம்ஜி1 போன்ற வேறு மரபணு மாறியதாலோ எதிர்ப்பு வந்திருந்தால் பிசிஆர் கண்ணில் அது படாது. பிசிஆரில் மாற்றம் தெரிந்தால் நம்பி நடவடிக்கை எடுக்கலாம். தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து எதிர்ப்பே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள்

எம்ஐசி எண்ணைப் படிப்பதில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. வெவ்வேறு மருந்துகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சின்ன எண் இருக்கும் மருந்துதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்வது. அப்படிக் கிடையாது. ஒவ்வொரு மருந்துக்கும் தனி எல்லைக்கோடு உண்டு. யூகாஸ்ட் கணக்கில் ஃப்யூமிகேட்டஸுக்கு வோரிகோனசோல் எம்ஐசி 1 வரை இருந்தால் அடங்கும் வகை, அதற்கு மேல் போனால் எதிர்ப்பு. போசகோனசோலுக்கு 0.125 வரைதான் அடங்கும் வகை. ஆகவே போசகோனசோல் 0.5 என்றும் வோரிகோனசோல் 1 என்றும் வந்தால், எண் சிறியதாக இருந்தாலும் போசகோனசோலுக்குத்தான் எதிர்ப்பு. சிஎல்எஸ்ஐ எல்லைக்கோடு சற்று மாறும் என்பதால் ரிப்போர்ட் எந்த விதிமுறைப்படி என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று அசோல்களைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நிறையத் தெரியும். டிஆர்34 வகையில் இட்ராகோனசோல் எம்ஐசி 16-ஐயும் தாண்டும், மற்றவையும் ஓரளவு உயர்ந்திருக்கும். டிஆர்46 வகையில் எகிறுவது வோரிகோனசோல்தான், இட்ராகோனசோல் சில நேரம் சாதாரணமாகவே இருக்கலாம். 54-ஆம் இடத்து மாற்றத்தில் இட்ராகோனசோலும் போசகோனசோலும் கெடும், வோரிகோனசோல் பிழைத்துக்கொள்ளும். எனவே ஒரே ஓர் அசோலை மட்டும் சோதித்துவிட்டுக் குடும்பம் முழுவதையும் பற்றி முடிவு சொல்ல முடியாது.

எதிர்ப்பு உறுதியானால் கையில் இருக்கும் வழி பெரும்பாலும் லிபோசோமல் (கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த) ஆம்ஃபோடெரிசின் பி. நரம்பு வழியாகத்தான் ஏற்ற முடியும், சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், விலையும் அதிகம். குழியில் குடியிருக்கும் நாள்பட்ட நோய்க்கு மாதக்கணக்கில் ஊசி என்பது குடும்பத்துக்கே பெரிய சுமை. ஓரிடத்தில் மட்டும் நோய் இருந்து, நுரையீரல் தாங்கும் என்றால் அறுவை சிகிச்சையையும் யோசிப்பார்கள். சுற்றுச்சூழலில் எதிர்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டிய பகுதிகளில், சோதனை முடிவு வரும் வரை வோரிகோனசோலை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம் என்று 2015-இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. ஆனால் தன் ஊரில் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டுமானால் அங்கே யாராவது சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

புதிய மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஓலோரோஃபிம் அசோலுக்குத் தொடர்பே இல்லாத வேறொரு நொதியைத் தாக்குகிறது, டிஆர்34 வகையும் அதற்கு அடங்குகிறது. அது மருத்துவச் சோதனைகளில் இருக்கும்போதே, அதே நொதியைத் தாக்கும் இப்ஃப்ளூஃபெனோக்வின் என்ற பயிர் மருந்து வயலுக்கு வந்துவிட்டது. அதைத் தாங்கப் பழகிய ஃப்யூமிகேட்டஸ் ஓலோரோஃபிமையும் தாங்குவதை ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள். அசோலில் நடந்ததே மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறது என்பது என்னை உண்மையாகவே கவலைப்பட வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் ஃப்யூமிகேட்டஸை மிக அவசரமான நால்வரில் ஒன்றாக வைத்தது. அந்த அவசரம் மருந்துப் பதிவு அலுவலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்து, மருந்து போதவில்லை என்று தோன்றினால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எந்த இனம் என்று உறுதி செய்தார்களா, ரத்தத்தில் மருந்தளவு பார்த்தார்களா, எத்தனை காலனி சோதித்தார்கள், எந்தெந்த அசோலுக்குச் சோதித்தார்கள் என்றெல்லாம் கேட்கலாம். கூடவே, வளர்ந்த பூஞ்சையை ஆய்வகத்தில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அந்த ஆய்வகத்தில் எம்ஐசி வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சரிந்த அகார் குழாயில் பத்திரமாக இருக்கும் காலனியை, சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பூஞ்சையியல் மையத்துக்கு அனுப்பிப் பிறகும் சோதிக்கலாம். தூக்கி எறிந்துவிட்டால் இன்னொரு முறை நுரையீரலைக் கழுவித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதிலும் வளரும் என்று உறுதி கிடையாது.